பொட்டு வைத்த டிஸ்க்

கம்ப்யூட்டர் தகவலைச் சேமித்து வைக்கும் ஸ்டோரேஜ் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். எந்தப் பொத்தானை எப்போது அழுத்துவது என்றெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. அதைக் கையேட்டில் என்னைவிட நன்றாகவே எழுதியிருக்கிறார்கள். நீங்களும் தொட்டிலிலேயே போனைத் தேய்த்து வளர்ந்தவர்கள். நான் சொல்ல வருவது அழிக்கும் வேலையைப் பற்றி. நம் தொழிலில் அதற்கு மரியாதை குறைவு. தொலைந்த தகவலை மீட்டுக் கொடுத்தவருக்கு மாலை போடாத குறையாகக் கொண்டாடுவார்கள். அழிப்பவரை யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. "டெலிட் பண்றதுக்கெல்லாம் ஒரு ஆளா?" என்று என் கூடப்பிறந்த தம்பியே கேட்டிருக்கிறான். அவனிடம் சண்டை போட்டுப் பயனில்லை என்று விட்டுவிட்டேன்.

நான் ஏரியூர்ப் பக்கத்துக்காரி. பெங்களூரில் பல வருடம் குப்பை கொட்டிவிட்டு, அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனதும் ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கலாம் என்று தருமபுரியில் ஓர் அறக்கட்டளை மருத்துவமனையில் சேர்ந்தேன். பெயர் வேண்டாம். சேர்ந்த கொஞ்ச நாளிலேயே அங்கிருந்த பழைய ஸ்டோரேஜ் பெட்டியை மாற்றும் வேலை வந்தது. வாடகைக்கு எடுத்த பெட்டி. உள்ளே வரிசை வரிசையாக டிஸ்க்குகள். அந்த இடத்தைப் பங்கு பிரித்து, பிரிவுக்கு ஒரு வால்யூம் என்று கொடுத்திருந்தார்கள். எக்ஸ்ரேக்கு ஒன்று, மருந்தகத்துக்கு ஒன்று, மூன்றாம் மாடிக்கு ஒன்று.

மூன்றாம் மாடியில் இருந்தது எச்.ஐ.வி. ஆலோசனை மையம். லிஃப்டில் அந்த எண்ணை அழுத்துவதற்கு முன் ஜனங்கள் பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று பார்ப்பார்கள். சிலர் இரண்டாம் மாடியில் இறங்கி, மீதியைப் படியேறிப் போவார்கள். அதை நீங்கள் ஒருமுறை பார்த்திருந்தால் போதும், இந்தக் கட்டுரையே தேவைப்படாது.

தகவல் முழுவதையும் புதிய பெட்டிக்கு மாற்றிச் சரிபார்த்தாயிற்று. பழையதைத் திருப்பி அனுப்புவதற்கு முன் அதிலிருப்பதை அழிக்க வேண்டும். டெலிட் செய்தால் போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள். டெலிட் என்பது வீட்டு வாசலிலிருக்கும் கதவு எண்ணை மட்டும் சுரண்டி எடுப்பது. வீடும் அப்படியே இருக்கும், உள்ளே இருப்பவர்களும் அப்படியே இருப்பார்கள். உண்மையில் அழிப்பதென்றால் ஒவ்வொரு டிஸ்க்கின் மேலும் மூலை முடுக்கு விடாமல் வேறெதையாவது எழுத வேண்டும். அதற்கு நேரம் பிடிக்கும். அவசரப்படுபவர்கள் அங்கேதான் கை வைப்பார்கள்.

அழிக்கத் தொடங்கிய அன்று காலை ஒரு பெண் வந்து என் அறை வாசலில் நின்றார். கௌசல்யா என்று வைத்துக்கொள்வோம். மருத்துவமனையில்தான் வேலை பார்த்தார். பெயரையும் ஊரையும் மாற்றியிருக்கிறேன், என்ன வேலை என்பதைச் சொல்லாமல் விடுகிறேன், இதை எழுத அவரிடம் அனுமதியும் வாங்கியிருக்கிறேன். அவருடைய கணவர் லாரி ஓட்டினார், இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. ஒரே மகள். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். உள்ளே வாருங்கள் என்றேன், வரவில்லை.

"மேடம், பழைய பொட்டி வெளிய போவுதாமே. அதுல இருக்கறதெல்லாம் மெய்யாலுமே போயிடுமா?"

எந்தப் பிரிவு என்று கேட்டேன். அவர் தலையைத் தூக்கி மேலே பார்த்தார். என் அறை முதல் மாடியில் இருந்தது. நான் புரிந்துகொண்டேன். அவர் நோயின் பெயரைச் சொல்லவில்லை, நானும் சொல்ல வைக்கவில்லை. மகளுக்குப் பொம்மிடியில் மாப்பிள்ளை பார்த்து முடிவாகியிருக்கிறது என்றார். நல்ல மனிதர்கள்தான், ஆனால் ஒரு வார்த்தை காதில் விழுந்தால் போதும், பெண் அப்படியே நின்றுவிடுவாள் என்றார். மகளுக்கே இன்னும் தெரியாதாம். மாத்திரைகளை வைட்டமின் டப்பாவில் போட்டு வைத்திருக்கிறாராம். இதைச் சொல்லும்போது லேசாகச் சிரித்தார்.

அந்தப் பெட்டி கேட்டைத் தாண்டும்போது அதில் அவர் பெயர் இருக்காது என்று சொன்னேன். சொல்லிவிட்டேன் என்றால் சொல்லிவிட்டேன். என் குணம் அப்படி.

இரண்டு நாள் கழித்து அழிப்பு வேலை முடிந்தது. ரிப்போர்ட் முழுக்கப் பச்சை. வாடகை நிறுவனத்தின் வண்டி மதியமே வந்து போர்டிகோவில் நின்றது. அதற்குப் பின்னால் ஆம்புலன்ஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. நிர்வாக மேலாளர் பேனாவின் மூடியைத் திறந்தபடியே என் மேசைக்கு வந்தார். கெட்ட மனிதர் அல்ல. எதையும் சாப்பாட்டுக்கு முன் முடித்துவிட வேண்டும் என்று நினைப்பவர். நான் கையெழுத்துப் போட்டால் வண்டி கிளம்பிவிடும்.

பச்சையைப் பார்த்ததும் கையெழுத்துப் போடும் வழக்கம் எனக்கு இல்லை. நான் எழுந்து போய்ப் பெட்டியைக் கையால் தொட்டு, டிஸ்க் டிஸ்க்காகப் பார்த்தேன். பெங்களூரில் என் முதல் மேலதிகாரியிடமிருந்து ஒட்டிக்கொண்ட பழக்கம் அது. அவர் இரண்டே விஷயத்துக்குத்தான் கத்துவார். அழிக்கும்போது உள்ளே என்ன இருக்கிறதென்று எட்டிப் பார்த்தால் கத்துவார். அழித்த பிறகு பெட்டியை எட்டிப் பார்க்காவிட்டாலும் கத்துவார்.

எல்லா டிஸ்க்குகளின் கைப்பிடிகளும் வெயில் பட்ட பிளாஸ்டிக் போல மஞ்சளேறிக் கிடந்தன. ஒன்று மட்டும் வெள்ளையாக இருந்தது. அதாவது அது பிறகு வந்தது. அப்படியானால் அந்த இடத்தில் முதலில் இருந்த டிஸ்க் எங்கே? பெட்டிக்கு உள்ளே இருப்பதைத்தான் ரிப்போர்ட் சொல்லும். வெளியே போனதைப் பற்றி அதற்கு என்ன தெரியும்?

அது மூன்றாம் மாடி வால்யூமின் இடம். அந்த வால்யூமை ஜோடி டிஸ்க்கில் வைத்திருந்தார்கள். ஒன்றில் எழுதுவது அப்படியே மற்றதிலும் எழுதப்படும், ஒன்று கெட்டால் இன்னொன்று கை கொடுக்கும். ஜோடியில் ஒன்று யார் கையில் கிடைத்தாலும் முழுவதும் கிடைத்த மாதிரிதான். மற்றவர் படிக்க முடியாதபடி தகவலைப் பூட்டி எழுதும் வசதியை வாங்கும்போதே சேர்க்கவில்லை.

ஏசியையும் யூபிஎஸ்ஸையும் பார்த்துக்கொள்ளும் பழனியைக் கூப்பிட்டுக் கேட்டேன். பழனி பாப்பாரப்பட்டிக்காரர், பெட்டி இருந்த அறையில் என்னைவிடப் பழையவர். ஆமாம், நான் வருவதற்கு முன்பு ஒரு டிஸ்க் கெட்டுப்போய் மாற்றினார்கள் என்றார். நோயாளிகளின் விவரம் இருப்பதால் கெட்டதை வெளியே கொடுக்காமல் மருத்துவமனையே வைத்துக்கொண்டதாம். அதுவரை எல்லாம் சரி. வைத்துக்கொண்டது எங்கே என்று கேட்டேன். பழனி தலையைச் சொறிந்தார்.

விஷயம் இதுதான். ஆயுத பூசைக்குக் கருவிகளைச் சாமி முன்னால் வைக்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் ஸ்டோரேஜ் பெட்டியை நிறுத்திப் பூசையில் வைக்க முடியுமா? டாக்டர்கள் அடிக்க வருவார்கள். அதனால் பெட்டிக்குப் பதிலாக அந்தக் கெட்ட டிஸ்க்கைச் சாமி மாடத்தில் வைத்துப் பொட்டு வைத்துப் பூ போட்டிருக்கிறார்கள். பிறகு அது மாடத்திலேயே தங்கிவிட்டது. வருடா வருடம் பூசை, சுண்டல், பொரி எல்லாம் அதற்கு நடந்திருக்கிறது. நான் வருவதற்குக் கொஞ்சம் முன்பு மாடம் இருந்த அறையைக் காலி செய்தபோது, சாயம் போன சாமி படங்களோடு அதையும் பழனி எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்.

"பொட்டு வெச்ச சாமானுங்க மேடம். குப்பையில போட மனசு வரல. படத்தோட சேத்து எங்கூரு ஏரிக்கரை அரசமரத்தடியில வெச்சிட்டு வந்துட்டேனுங்க."

பழைய சாமி படங்களைக் குப்பையில் போடாமல் மரத்தடியில் கொண்டு போய் வைப்பது நம் பக்கத்து வழக்கம்தான். என் வீட்டிலும் அதையேதான் செய்வோம். பழனி மேல் எனக்குக் கோபமே வரவில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள். ஏரிக்கரை, நடமாட்டமுள்ள பாதை, பளபளவென்று ஒரு டிஸ்க்.

மேலாளரிடம் சொன்னேன். செத்துப்போன டிஸ்க்குக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்றார். செத்தது என்று நாம் சொல்வது, நமக்கு அதைப் படிக்க வரவில்லை என்பதைத்தான். மாற்றியபோது எழுதி வைத்த குறிப்பின்படி கெட்டுப்போனது அதன் எலெக்ட்ரானிக் பலகை. எழுத்து இருக்கும் தட்டுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அப்படிப்பட்டதைத் திறந்து படித்துக் கொடுப்பதையே தொழிலாக வைத்திருப்பவர்களை எனக்கு நேரடியாகத் தெரியும். இதையெல்லாம் விளக்கினேன். அவர் சொன்ன பதிலும் தப்பில்லை. திருப்பித் தருவது பெட்டியை, பெட்டி சுத்தமாக இருக்கிறது, ரிப்போர்ட்டில் பொய் இல்லை, பிறகு என்ன?

இங்கே நீங்கள் கொஞ்சம் கவனியுங்கள். வண்டியை நிறுத்தி வைத்து ரகளை பண்ணலாம் என்று எனக்கும் ஒரு நிமிடம் தோன்றியது. அதனால் யாருக்கு என்ன லாபம்? அந்தப் பெட்டியில் உண்மையிலேயே ஒன்றுமில்லை. கையெழுத்துப் போட்டேன், வண்டி கிளம்பியது, ஆம்புலன்ஸுக்கு வழி கிடைத்தது. போட்ட கையோடு மேலாளரிடம் மருத்துவமனைக் காரைக் கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், சாவியைப் பழனியிடம் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். அதற்காக இன்றும் அவரை வாழ்த்துகிறேன்.

காருக்குப் போகும்போது கௌசல்யா கேட் பக்கத்தில் நின்றிருந்தார். வண்டி போவதைப் பார்த்திருக்கிறார். முகமெல்லாம் சிரிப்பு.

"போயிடுச்சுங்களா மேடம்?"

என் வேலையில் எத்தனையோ நெருக்கடிகளைப் பார்த்திருக்கிறேன். ஒரு மருத்துவமனையே இருட்டில் நின்றிருக்கிறது, நான் அசரவில்லை. அந்த ஒரு கேள்விக்குத்தான் அசந்துவிட்டேன். போய்விட்டது என்று சொல்லியிருக்கலாம். அவர் நிம்மதியாகப் போயிருப்பார். நானும் பாப்பாரப்பட்டிக்குப் போய்ச் சத்தமில்லாமல் எடுத்து வந்திருக்கலாம். ஆனால் கிடைக்காவிட்டால்? அந்தப் பொய் நிம்மதியை அவருக்குக் கொடுத்தவள் நானாக இருந்திருப்பேன். அது அவருடைய வாழ்க்கை, என்ன நடக்கிறதென்று தெரிந்துகொள்ளும் உரிமை அவருக்குத்தான் முதலில்.

பெட்டி சுத்தமாகப் போய்விட்டது, அதற்கு முன்பே கழற்றிய ஒரு டிஸ்க் மட்டும் பாக்கி, அதைத் தேடத்தான் போகிறேன் என்று சொன்னேன். எங்கே இருக்கிறதென்பதையும் சொன்னேன். சிரிப்பு அப்படியே நின்றது. அவர் அழவுமில்லை, என்னைத் திட்டவுமில்லை. நானும் வருகிறேன் என்றார். பழனிக்கு ஒன்றும் தெரியாது, அவரிடம் எனக்குத் துணைக்கு என்று சொல்லிக்கொள்ளலாம் என்றேன்.

போகிற வழியெல்லாம் பழனிதான் பேசிக்கொண்டு வந்தார். மாம்பழ விலை, மழை, மேலாளரின் புது மூக்குக் கண்ணாடி. பின்சீட்டில் கௌசல்யா என் கையைப் பிடித்துக்கொண்டார். பாப்பாரப்பட்டி வரும்வரை விடவில்லை.

ஏரிக்கரையில் அரசும் வேம்பும் பின்னிக்கொண்டு நின்ற மரம். அடியில் நாகர் கல், சுற்றிலும் கண்ணாடி உடைந்த படங்கள். பழனி இறங்கி ஓடிப் போய்ப் பார்த்தார். டிஸ்க் அவர் வைத்த இடத்தில் இல்லை. எனக்கு உயிர் போய்த் திரும்பி வந்தது. கொஞ்சம் தள்ளி, நாகர் கல்லுக்குப் பக்கத்தில், மரத்தில் சாய்த்து நிமிர்த்தி வைத்திருந்தார்கள். புதுக் குங்குமம். ஓர் அரளிப்பூ. நம்முடைய டிஸ்க் ஊருக்குப் போய் நன்றாகத்தான் இருந்திருக்கிறது.

நான் குனிந்து எடுக்கப் போனேன். "பேட, பேட" என்று ஒரு குரல் தடுத்தது. கையில் துடைப்பத்தோடு ஒரு பெண், என் வயதுதான் இருக்கும். வீட்டில் கன்னடம் பேசுகிறவர், பதற்றத்தில் வேண்டாம் என்பது அப்படித்தான் வந்தது. அந்த மரத்தடியைப் பெருக்கி விளக்கு வைப்பது அவர்தானாம். சாமிக்கென்று விட்டதைத் திருப்பி எடுக்கக் கூடாது, எடுத்தால் எடுத்தவர் வீட்டுக்கும் ஆகாது, ஊருக்கும் ஆகாது என்றார்.

பழனி நடந்ததைச் சொல்லிக் கெஞ்சினார். நான் இன்னும் மோசம். இது கம்ப்யூட்டர் சாமான், உள்ளே தட்டு இருக்கிறது, தட்டில் தகவல் இருக்கிறது என்று ஏதோ டிரெயினிங் வகுப்பு மாதிரி ஆரம்பித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, சாமான் என்றால் என்ன, பொட்டு வைத்துவிட்டால் சாமிதானே என்றார். இழுத்துப் பிடுங்கிக்கொண்டு காரில் ஏறியிருக்கலாம், சட்டப்படி அது மருத்துவமனைச் சொத்து. அந்த யோசனையும் வந்தது என்பதை ஒளிக்கவில்லை.

அப்போது கௌசல்யா முன்னால் வந்தார். பழனி பக்கத்திலேயே நிற்கிறார் என்று கண்ணால் சாடை காட்டினேன். அவர் பார்த்தார், பார்த்துவிட்டும் பேசினார்.

"அக்கா, அதுல எம் பேரு இருக்குதுங்க. எனக்கு வந்தது எல்லாம் அதுல எழுதியிருக்குது. நாலு பேரு நடக்கற எடத்துல அது இருக்க வேணாங்க்கா. எங்கூட்டுல ஒரு பொண்ணு இருக்குது."

அந்தப் பெண் துடைப்பத்தைக் கீழே வைத்தார். உனக்கு என்ன வந்தது என்று கேட்கவில்லை. குடத்துத் தண்ணீரில் மஞ்சளைக் கரைத்தார். டிஸ்க்கைத் தூக்கி, குங்குமத்தைத் தண்ணீர் தொட்டுத் துடைத்தார். சூடம் ஏற்றி ஒருமுறை காட்டினார். வாய்க்குள் கன்னடத்தில் ஏதோ சொன்னார், போய் வா என்பது மட்டும் எனக்குப் புரிந்தது. பிறகு முந்தானையால் ஈரத்தைத் துடைத்துவிட்டு, என்னிடம் தராமல், பழனியிடம் தராமல், கௌசல்யாவின் இரண்டு கையிலும் வைத்தார். "இனி இது சாமி இல்ல. உன் சாமானு. கொண்டு போ" என்றார்.

என் வேலைக்காலம் முழுக்க அழிப்புச் சான்றிதழ்கள் எத்தனையோ பார்த்திருக்கிறேன். இவ்வளவு மரியாதையாக யாரும் செய்து பார்த்ததில்லை.

பாப்பாரப்பட்டியில் சந்தைக்குப் பக்கத்தில் ஒரு லேத் பட்டறை. நான் திருப்புளியால் மூடியைக் கழற்றினேன். உள்ளே தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பளபளவென்று இருந்தன. இதிலா எழுதியிருக்கிறது, ஒன்றும் தெரியவில்லையே என்று கௌசல்யா குனிந்து பார்த்தார். துளை போடும் இயந்திரத்தின் கைப்பிடியைத் தானே இழுக்கட்டுமா என்று கேட்டார். பட்டறைக்காரர் அவருக்குப் பாதுகாப்புக் கண்ணாடியை மாட்டிவிட்டு விலகி நின்றார். கௌசல்யா இழுத்தார். தட்டுகளில் பொத்தல் விழ விழ, சீவல் சீவலாகப் பறந்தது. போதும் என்று பட்டறைக்காரர் சொன்ன பிறகும் இன்னும் இரண்டு போட்டார். பிறகு அவற்றை வெட்டித் துண்டு துண்டாக்கினோம்.

வாசலில் பழனி டீ வாங்கிக்கொண்டு நின்றார். கௌசல்யாவுக்கு முதலில் கொடுத்தார். கல்யாணத்துக்குச் சீரியல் லைட் முழுக்க நானே கட்டித் தருகிறேன், வெளியாளைக் கூப்பிட வேண்டாம் என்றார். அதைத் தவிர அந்த விஷயத்தைப் பற்றி ஒரு வார்த்தை அன்றும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை. சொன்னபடியே கட்டிக் கொடுத்தார். பொம்மிடிக்காரர்கள் அந்த லைட்டைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். மணமேடையில் கௌசல்யாவின் மகள் சிரித்த சிரிப்பைப் பார்த்து நான் பந்தியில் உட்கார்ந்து அழுதேன். காரம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

ஆனால் நான் உங்களிடம் சொல்ல வேண்டியது அதற்கு முன்னால் நடந்தது. டீ குடித்து முடித்ததும் கௌசல்யா என்னைத் தனியே கூப்பிட்டு, புதுப் பெட்டியில் தன் பெயர் இருக்கிறதல்லவா என்று கேட்டார். இருக்கும் என்றேன். அதைப் பார்த்துத்தான் டாக்டர் மாத்திரை எழுதுகிறார், அது இருந்தால்தான் நீங்கள் நன்றாக இருக்க முடியும், பூட்டித்தான் வைத்திருக்கிறோம் என்றேன். தலையாட்டினார். டம்ளரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார்.

"அந்தப் பொட்டியும் ஒரு நாளைக்குப் பழசாயிடுமில்லிங்க. அப்ப நீங்க இருக்க மாட்டீங்க. அப்ப வர்றவங்களும் இப்பிடித் தேடிக்கிட்டுப் போவாங்களா மேடம்?"

உங்களில் ஒருவரையும் எனக்கு அப்போது தெரியாது. போவார்கள் என்று சொல்லிவிட்டேன்.